வைரக்கண்ணுவின் வெளுப்புப் பொடி

என் தங்கை ராமாயியின் புருஷன் வைரக்கண்ணு வயலை விட்டுப் பொடி வியாபாரத்தில் இறங்கியபோது தெருவே சிரித்தது. அப்பன் பாட்டன் எல்லோரும் சேற்றில் நின்றவர்கள். இவன் மட்டும் சைக்கிள் கேரியரில் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, "வெளுப்புப் பொடி, வெளுப்புப் பொடி" என்று கத்திக்கொண்டு போனால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

ஆனால் அவன் ஆசைப்பட்டு இறங்கவில்லை. அந்த வருஷம் எங்கள் தெரு ஆட்கள் அறுவடைக் கூலியைக் கூட்டிக் கேட்டுச் செங்கொடி பிடித்தார்கள். வைரக்கண்ணு முன்னால் நின்றான். எங்கள் ஊர் மிராசுதார் சின்னப்பண்ணை தியாகராசன் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கி அறுவடையை முடித்துக்கொண்டார். பிறகு ஒவ்வொருத்தராக எல்லோரையும் வேலைக்குக் கூப்பிட்டார், இவனைத் தவிர. பாபநாசம் சுற்றுவட்டாரத்தில் ஒரு மிராசுதாரும் இவனை வரப்பில் ஏற விடவில்லை. நல்லவேளை, அப்போதுதான் சர்க்கார் சட்டம் போட்டுக் குடிசை இருந்த மனை எங்கள் பேருக்கே வந்திருந்தது. இல்லாவிட்டால் அதையும் பிடுங்கியிருப்பார்.

வந்து காலில் விழுந்தால் பண்ணையில் சேர்த்துக்கொள்வதாகச் சின்னப்பண்ணை ஆள் விட்டுச் சொன்னார்.

"விழுந்துட்டுத்தான் வாயேன் தம்பி, என்ன குறைஞ்சு போச்சு?" என்றேன் நான். ராமாயி வயிறு காய்வதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"விழுந்தா எந்திரிக்க விட மாட்டாங்கக்கா" என்றான்.

அதோடு கும்பகோணத்துக்குப் போனவன்தான். அங்கே ஒரு சலவைப்பொடிக் கம்பெனியில் மூட்டை தூக்கினான். தூக்கியவன் சும்மா தூக்கவில்லை, எதை எதோடு கலக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். திரும்பி வந்து எங்கள் வாசலில் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்தான். சோடாவும் உப்பும் நுரைக்கிற கறுப்புக் குழம்பும் கொஞ்சம் வெளுப்பு மருந்தும் போட்டு மண்வெட்டியால் புரட்டினான். தெருவே தும்மியது. நாசமாய்ப் போக, என் குழம்புச் சட்டியில்கூட அந்த நெடி ஏறியது. நான் திட்டாத திட்டில்லை.

ஆனால் பொடி வேலை செய்ததே, அதை எப்படி மறுப்பது? சேறும் வாழைக்கறையும் ஏறிப் பழுப்பாகிக் கிடந்த வேட்டிகள் அந்தப் பொடியில் ஒரு ராத்திரி ஊறி எழுந்தால் கண்ணைப் பறித்தன. முதலில் எங்கள் தெரு வாங்கியது. பிறகு அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர். யாருக்கு விற்றாலும் ஒரே பாட்டுத்தான் பாடுவான்.

"வெள்ளைக்கு மட்டுங்க. சாயத்துணியில போட்டுறாதீங்க. சோடாக்காரம் சாயத்தை இழுத்துரும். இதுல இருக்கற மினுக்கு மருந்து வெள்ளைத் துணியில ஒட்டினா வெயில்ல பளபளங்கும். அதே மினுக்கு கறுப்புலயும் அரக்குலயும் ஒட்டினா சாம்பல் பூத்தாப்புல போயிரும்."

ஒரு தடவை சொன்னால் விட மாட்டான். வாங்கியவர் "சரிய்யா, தெரிஞ்சிக்கிட்டோம்" என்று எரிச்சலோடு சொல்லும்வரை சொல்வான். சொந்த அனுபவம் அப்படி. ராமாயியின் கல்யாணச் சேலையை முதல் கலவையில் போட்டு நாசமாக்கியவன் அவன்தான். அன்றைக்கு அவள் போட்ட சத்தம் பாபநாசம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

தைப் பொங்கலுக்கு எங்கள் ஆம்பிளைகள் வெள்ளை வேட்டி சட்டையோடு, மிராசுதார்கள் குடியிருக்கிற பெரிய தெரு முனையைக் கடந்து போனார்கள். சின்னப்பண்ணை வாசலில் நின்று பார்த்தார். "என்னடா, எல்லாரும் மாப்பிள்ளையாயிட்டீங்களா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண்ணில் சிரிப்பில்லை. அவருடைய வேட்டி எங்கள் வேட்டியைவிடப் பழுப்பாக இருந்தது.

அதை அவர் வீட்டம்மா மங்களாம்பிகையும் பார்த்திருக்கிறாள். வெளுக்கப் போட்டுப் போட்டு ஓய்ந்துபோயிருந்தாள் போலிருக்கிறது. தை மாதம் முடிவதற்குள் கொல்லைப்பக்கமாக வைரக்கண்ணுவுக்குச் சேதி வந்தது. வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது. அவன் மாட்டுக்கொட்டகைக் குட்டைச் சுவரில் பொட்டலத்தை வைத்துவிட்டு வேலிக்கு வெளியே போய்விட வேண்டும். அப்புறம் அந்தம்மா வந்து எடுத்துக்கொள்வாள். காசு அதே சுவரில் இருக்கும். பேச்சு வார்த்தை கிடையாது. நம் ஆள் வேலிக்கு வெளியே நின்று, "அம்மா, வெள்ளைக்கு மட்டுங்க!" என்று குரல் கொடுத்தால், எங்கே புருஷன் காதில் விழுந்துவிடுமோ என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஓடிவிடுவாள். பொட்டலமோ பழைய பேப்பர். அதில் ஒன்றும் எழுதியிருக்காது.

வெள்ளை வேட்டிகள் வெளுத்தவரைக்கும் ஒரு வம்புமில்லை. சின்னப்பண்ணைகூடத் தன் வேட்டியைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டு திரிந்தார்.

அப்போது அவர் கட்சி மாறியிருந்தார். நிலம் வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் அந்தச் சமயத்தில் ஆளுங்கட்சிக்குத்தான் நடந்தார்கள். கறுப்பும் சிவப்புமாகக் கரை போட்ட புது வேட்டி வாங்கினார். பாபநாசத்தில் பெரிய கூட்டம், மேடையில் அவருக்கும் ஒரு நாற்காலி. கூட்டத்துக்கு முதல் நாள் காலையில் கொல்லைக் கொடியில் அந்த வேட்டியைப் பார்த்தவர் அலறிவிட்டார். சிவப்புக்கரை ஓடி வேட்டி முழுக்க ரோஸ் கலர். கறுப்புக்கரை துருப்பிடித்த ஆணி மாதிரி. வெளுப்பாக இருக்கட்டுமே என்று அந்தம்மா ராத்திரி முழுக்கப் பொடியில் ஊறப் போட்டிருக்கிறாள்.

பொடி யார் கொடுத்தது என்று கேட்டதில் விஷயம் வெளியே வந்துவிட்டது. அவ்வளவுதான். ஆள் வந்து வைரக்கண்ணுவை இழுத்துக்கொண்டு போனான். ராமாயியும் நானும் பின்னாலேயே ஓடினோம்.

சின்னப்பண்ணை வீட்டு வாசலில் பெரிய தெரு ஆட்கள் கூடியிருந்தார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த வேட்டியை ஒரு குச்சியில் மாட்டி எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளுக்குள்ளே சிரிப்பு. ஆனால் ராமாயி என் முந்தானையைப் பிடித்த பிடியை விடவில்லை.

"செங்கொடிக்காரன் வேணும்னே பண்ணியிருக்கான்" என்றார் சின்னப்பண்ணை. "என்னைக் கூட்டத்துல தலைகுனிய வைக்கணும்னு திட்டம். இனிமே இந்தப் பொடி இந்த ஃபிர்க்காவுலயே விக்கக் கூடாது. வித்தா, விஷப்பொடி விக்கறான்னு போலீஸ்ல எழுதிக் குடுப்பேன். நாளையிலேருந்து பண்ணைக்கு வந்து வேலையைப் பாரு. வேற வழி உனக்கில்ல."

ராமாயி என் தோளில் சாய்ந்தாள். இத்தனை நாள் பட்டினி கிடந்து, ஊரெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சைக்கிள் மிதித்ததெல்லாம் இதற்குத்தானா? வாய்விட்டுக் கத்தியிருப்பேன். வைரக்கண்ணு திரும்பி ஒரு பார்வை பார்த்தான், அடங்கிவிட்டேன்.

அவன் நிதானமாகத்தான் பேசினான். முன்பெல்லாம் பண்ணைக்காரர்களை 'ஆண்டே' என்று கூப்பிட்டதை எங்கள் ஆட்கள் செங்கொடி பிடித்த வருஷமே விட்டுவிட்டார்கள்.

"ஐயா, இது வெள்ளைக்கான பொடிங்க. சாயத்துணி எதைப் போட்டாலும் இப்படித்தான் ஆகும். வேட்டின்னு இல்ல, சேலை, ரவிக்கை எதுவானாலும் சாயம் இறங்கிரும். வாங்கற எல்லாருகிட்டயும் மூஞ்சியைப் பாத்து நின்னு சொல்லித்தான் விக்கறேன். இந்த வீட்டுல மட்டும் சொல்ல முடியல. சொல்றதுக்கு நிக்க விட்டாத்தானே?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "பாத்தியா வாயை!" என்று யாரோ சொன்னார்கள். சின்னப்பண்ணை நாற்காலியை விட்டு எழுந்தார். அடி விழப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

அதற்குள் உள்ளே இருந்து ஒரு அலறல்.

"ஐயையோ! என் சேலை!"

மங்களாம்பிகை வாசலுக்கே ஓடிவந்துவிட்டாள். இத்தனை ஆம்பிளைகள் நடுவில் அவள் வந்து நின்று நான் பார்த்ததேயில்லை. வேட்டிச் சாயம் மட்டமான சாயம், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நினைத்து, காலையில் தன் அரக்குச் சேலையையும் அதே பொடியில் ஊறப் போட்டிருக்கிறாள். செத்துப்போன அவள் அம்மா கட்டிய சேலையாம். பஞ்சாயத்துக் களேபரத்தில் மறந்தே போனது, இவன் சேலை என்று சொன்னதும்தான் ஞாபகம் வந்திருக்கிறது.

"ஊறுதே! இப்ப என்ன பண்ணட்டும்?" என்று நேராக வைரக்கண்ணுவைப் பார்த்துக் கேட்டாள்.

"எவ்வளவு நேரமாச்சும்மா?"

"விடிஞ்சதுல இருந்து."

"பிழியாதீங்க. பச்சைத்தண்ணியில போட்டு நுரை போற வரைக்கும் அலசணும். கடைசித் தண்ணியில கல்லுப்புப் போட்டு முக்கணும். வெயில்ல காட்டக் கூடாது."

"நான் தொட்டா இன்னும் கெட்டுப்போயிரும். நீயே வந்து பாரு. கொல்லைப்பக்கமா சுத்திக்கிட்டு வா."

அவன் நகரவில்லை. கொல்லைக்குப் போக வேண்டுமென்றால் தெருவைத் தாண்டி, வாய்க்கால் மதகைச் சுற்றி, வேலியோடு நடக்க வேண்டும்.

"சுத்திக்கிட்டு வர்றதுக்குள்ள மிச்சச் சாயமும் போயிரும்மா" என்றான்.

அந்தம்மா புருஷனைப் பார்த்தாள். புருஷன் தரையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"வழியை விடுங்க" என்று அவரிடமே சொன்னாள். பிறகு வைரக்கண்ணுவிடம், "இப்படியே வா, சீக்கிரம்" என்றாள்.

அவன் வாசற்படி ஏறினான். நடுக்கூடம் தாண்டி உள்ளே போனான். எங்கள் தெருவில் ஒருத்தரும் அந்த வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அதுவரை பார்த்ததில்லை. வெளியே நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். கிணற்றில் உருளை கிறீச்சிடுவது கேட்டது. அடுத்து ஒரு வாளி, அதற்கடுத்து ஒரு வாளி. ராமாயி என்னை நகத்தால் கிள்ளிக்கொண்டே இருந்தாள். கூட்டம் கலைய ஆரம்பித்தது. சின்னப்பண்ணை திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

வைரக்கண்ணு அதே வாசல் வழியாக வெளியே வந்தான். முழங்கை வரைக்கும் ஈரம், விரலெல்லாம் அரக்குச் சாயம்.

"சேலை என்னாச்சு?" என்றேன்.

"முந்தானை கொஞ்சம் மங்கிருச்சு. உடம்பு தப்பிச்சிருச்சு."

"அது கெடக்கட்டும்யா" என்றாள் ராமாயி. "இனிமே நீ... பொடி விக்கலாமா, கூடாதா? அதைச் சொல்லு."

"விக்கலாம்னு யாரும் சொல்லல" என்றான். "அந்தம்மா இன்னும் ரெண்டு பொட்டலம் கேட்டாங்க."

சின்னப்பண்ணை காதிலும் அது விழுந்தது. குச்சியில் மாட்டியிருந்த வேட்டியை எடுத்துச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார்.

ராமாயி பெரிய தெரு நடுவிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். எழுந்து வாடி என்று அவளைத் தூக்கப் போன நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.