தலைகள் முளைத்த பதினாறு பக்கங்கள்

அச்சகத்தில் அவருக்கு ‘முழங்கால் அக்கா’ என்று பெயர். முப்பது வருடங்களுக்கு முன்பு, இரண்டு வயது மகளின் பின்னாலேயே வீடு முழுக்க முட்டி போட்டு நகர்ந்தபடி படம் வரைந்தவர். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் பெரியவர்களுக்கு முகமே கிடையாது. செருப்பு, முழங்கால், தொங்கும் பை, அவ்வளவுதான். அதையே, நடுவில் ஒரு குழந்தையைப் பெரிதாக நிறுத்தி, பதினாறு பக்கம் வரைந்து கொண்டுபோனபோது, “என்னம்மா, பெரியவங்க ஒருத்தருக்கும் தலையைக் காணோம்?” என்று பதிப்பாளர் சிரித்தார். சிரித்தாலும் அச்சிட்டார். எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தைகள் கால்களை வைத்தே இது அம்மா, இது மாமா என்று கண்டுபிடித்தார்கள். பிறகு குழந்தைகளுக்குப் படம் போட வந்தவர்களில் பலர் முதலில் தரையில் உட்கார்ந்து பார்க்கப் பழகிக்கொண்டார்கள்.

இப்போது நிர்வாகம் பதிப்பாளரின் மகனிடம். புதிய பதிப்பின் புரூஃபில் கையெழுத்துப் போட அக்காவைக் கூப்பிட்டிருந்தார். வரைந்தவர் கையெழுத்தில்லாத தாள் அங்கே மெஷினில் ஏறாது.

முதல் பக்கத்திலேயே அக்காவுக்கு உச்சி வரை சூடேறியது. கால்களுக்கு மேல் உடம்பு, அதற்கு மேல் பல்லைக் காட்டும் முகம். எல்லாப் பக்கமும் அப்படித்தான். தலைகளுக்கு இடம் போதாமல் படத்தையே வேறு சுருக்கியிருந்தார்கள். முன்பு பாதிப் பக்கத்தை அடைத்து நின்ற குழந்தை, இப்போது ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்குக் கிடந்தது.

“யார் பாத்த வேலை இது?”

“ஆபீஸ்ல கம்ப்யூட்டர்லயே பண்ணினோம்மா. முகம் எங்கேன்னு பெத்தவங்க கேக்கறாங்க. அவங்கதானே வாங்கறாங்க?”

“மாமாவுக்கு மீசை வைக்கறதுக்காகப் புள்ளையச் சுண்டெலி ஆக்கிட்டீங்களே தம்பி, கண்ணு உறுத்தலையா?”

“சின்ன மாத்தம்தானேம்மா.”

“ஓஹோ. கையெழுத்துக்கு மட்டும் நான் வேணும், கேக்கறதுக்கு வேணாமா?”

வாசலில் கை மையைத் துடைத்துக்கொண்டிருந்த மெஷின்காரரிடம் திரும்பினார். “நீயே சொல்லுப்பா.”

“என்னை ஏன்க்கா இழுக்கறீங்க?” என்று நெளிந்தார் அவர். பிறகு, “என் பையன் இந்தப் படத்துல இருந்த செருப்பைக் காட்டித்தான் ‘அப்பா’ன்னான் சார். மூஞ்சி இருந்திருந்தா யாரோன்னு விட்டிருப்பான்” என்றார்.

பதிப்பாளரின் மகனுக்கு முகம் சிவந்தது. “பழையபடி போட்டா விக்காது. ஒண்ணு இது, இல்லேன்னா புத்தகமே இல்ல.”

கடைகளில் அக்காவின் பெயரைத் தாங்கி நின்றது அந்த ஒரு புத்தகம்தான். அது தெரிந்தேதான் சிவப்புப் பென்சிலை எடுத்தார். ஸ்கேல் வைத்து, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு தலையாக அடித்தார். கையெழுத்துக்கு விட்டிருந்த கட்டத்தில் ‘அச்சிடக் கூடாது’ என்று எழுதி நீட்டினார்.

அந்த வருடம் புத்தகம் வரவில்லை. அடுத்த வருடமும் இல்லை. “நல்ல புத்தகம், ஏன் நிறுத்திட்டீங்க?” என்று யாராவது உச்சுக்கொட்டினால் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“நானா நிறுத்தினேன்? போய் அவனைக் கேளுங்க!”