சவரி கையில் இருந்த ஸ்டீயரிங்

செய்தி வந்த நேரத்தில் நான் சவரியைத்தான் கேலி செய்துகொண்டிருந்தேன். மணப்பாறைக்குச் சவாரி போனவன் இன்னும் டாக்சி ஸ்டாண்டுக்குத் திரும்பவில்லை. "மச்சான் ஆட்டுக்கு வழி விட்டு, மாட்டுக்கு வழி விட்டு, கோழிக்குக் கும்பிடு போட்டுத்தானே வரும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எங்கள் ஸ்டாண்டு டிரைவர் வீரமணிக்குப் போன் வந்தது. காதில் வைத்துக் கேட்டவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"குடுமியான்மலை தாண்டி, புளியமரம்ண்ணே. சவரியண்ணன் வண்டி பொளந்து கெடக்காம்."

முப்பதாம் நாள் பூசைக்கு டிரைவர் சங்கத்தில் ஒரு தாள் அச்சடிக்கிறார்கள். சவரிமுத்துவைப் பற்றி நாலு வார்த்தை எழுதச் சொல்லி என்னிடம் வந்தார்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனிடம் பேனாவைக் கொடுத்தால் இப்படித்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். "அமைதியானவர், பொறுமைசாலி" என்று எழுத வேண்டுமாம். யார், சவரியா? இந்தத் தாளைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வீர்கள். வண்டியை அவ்வளவு பதமாக ஓட்டிய மனிதன், மனிதர்களிடம் மட்டும் பிரேக்கே பிடிக்க மாட்டான்.

சவரிக்குப் புது வண்டி வந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். ஷோரூமில் சாவியைக் கொடுத்தவர் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். இதில் எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருக்கிறது. வண்டி வழுக்கத் தொடங்கினால் எந்தச் சக்கரத்தைப் பிடிக்க வேண்டுமோ அதை மட்டும் தானே பிடித்து, இஞ்சின் வேகத்தையும் தானே குறைத்து, ஸ்டீயரிங் காட்டும் பக்கம் வண்டியைக் கொண்டுபோகும் என்று. அது வேலை செய்யும்போது டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று மின்னும். ஒரு கார், அதன் பின்னால் நெளிநெளியாக இரண்டு கோடு. அதற்கு ஸ்டாண்டில் 'பாம்பு லைட்' என்று பெயர் வைத்தது நான்தான்.

சாவி வாங்கிய கையோடு சவரி என்னை ஏற்றிக்கொண்டு நேராகப் போன இடம் தண்ணீர் வற்றிக் கிடந்த கண்மாய். வண்டிக்குப் போட்ட மாலைகூட வாடவில்லை. "மச்சான், வேளாங்கண்ணிக்குப் போவோம்னு பாத்தா கம்மாய்க்குள்ள எறக்குற?" என்றேன். பட்டனை அழுத்தி அந்தக் கன்ட்ரோலை அணைத்தான். வேகம் எடுத்து ஸ்டீயரிங்கை வெட்டினான். வண்டியின் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு முன்னால் வந்தது. என் மண்டை கண்ணாடியில் மோதியது. புழுதிக்குள் எத்தனை சுற்றுச் சுற்றினோமோ, காலையில் தின்ற இட்லி என் மடியில் கிடந்தது.

"இப்ப ஆன் பண்றேன். கெட்டியாப் பிடிச்சுக்க."

"நான் எறங்கிக்கிறேன் மச்சான். எனக்குக் குடும்பம் இருக்கு."

இறங்க விடவில்லை. அதே வேகம், அதே வெட்டு. அடியில் யாரோ கடகடவென்று பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம். பாம்பு லைட் மின்னியது. வண்டி சுற்றவில்லை, மூக்கணாங்கயிற்றில் இழுபட்ட காளை மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டு வளைவுக்குள் போனது. நான் கை தட்டினேன். அவன் தட்டவில்லை. இன்னும் வேகம் ஏற்றினான், திரும்பவும் வெட்டினான். லைட் மின்னிக்கொண்டே இருந்தது, சத்தம் வந்துகொண்டே இருந்தது, வண்டியோ திரும்பாமல் நேரே கண்மாய்க் கரையைப் பார்த்து இழுத்துக்கொண்டு போனது. கரையில் மூக்கு இடிக்காத குறை.

வண்டியை நிறுத்தி, இறங்கித் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தான். பிறகு சொன்னான்: "இது நல்ல சாமான்தான் மாப்ள. வண்டியப் பிடிக்குது. ஓட்டுறவனைப் பிடிக்காது. தரையில பிடி இல்லேன்னா இதுவும் நம்மளை மாதிரி கத்தத்தான் முடியும்."

வீரமணியின் மூக்கு உடைந்த கதை எல்லாருக்கும் தெரியும். ஏன் உடைந்தது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. அவன் வண்டியில் பாம்பு லைட் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. சென்சார் போயிருந்தது. கஸ்டமர் பார்த்தால் பயப்படுகிறார்கள் என்று அவன் என்ன செய்தான்? திருஷ்டி பொம்மை ஸ்டிக்கர் ஒன்று வாங்கி, நாக்கைத் துருத்திக்கொண்டு நிற்கும் அந்த முகத்தை விளக்கின் மேலேயே ஒட்டிவிட்டான். நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய வைத்தியம்.

சவரி அதைப் பார்த்தான். வீரமணியைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து, முகத்தைப் பானெட்டில் ஒரே இடி. ரத்தம் ரேடியேட்டர் வரைக்கும் ஒழுகியது. நாங்கள் மூன்று பேர் சேர்ந்து பிடித்தும் அடங்கவில்லை.

"யாரு கண்ணை மூடுற? திருஷ்டிக்கா, ஒனக்கா? விடுங்கடா, இவன் ஆளுகளைக் கொல்லறதுக்கு முன்னாடி நான் இவனைக் கொன்னுட்டுப் போறேன்!"

பிறகு அவனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான், வழி முழுக்கத் திட்டிக்கொண்டே. சென்சார் மாற்றும் வரை வீரமணி சவாரி போகக் கூடாது என்று சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். அந்த வீரமணிதான் கல்லறையில் மண் போடும்போது குழிக்குள் இறங்கப் பார்த்தான்.

எனக்கும் விழுந்திருக்கிறது. ஆவுடையார்கோவிலில் ஆளை இறக்கிவிட்டு நானும் அவனும் திரும்பி வந்தோம். நான் ஓட்டினேன். ரோடு புதுசு, வெயில் நேரம், ஈ காக்கை இல்லை. மிதித்தேன். "மெதுவாப் போ" என்றான். "காலி ரோடு மச்சான், காலி வண்டி" என்றேன். சொல்லி முடிக்கவில்லை, பக்கத்து சீட்டிலிருந்து அவன் செருப்புக் கால் வந்து என் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. எலும்பு விட்டுப்போன மாதிரி வலி. ஆக்சிலேட்டரிலிருந்து கால் தானாகத் தெறித்து வந்துவிட்டது.

"காலி வண்டின்னு எவன்டா சொன்னது? டிரைவருன்னா ஆளு இல்லையா?"

ஒரு மாதம் நொண்டினேன். சவரி உதைத்த கால் என்று சொல்லி ஊரெல்லாம் அனுதாபமும் டீயும் வாங்கிக் குடித்தேன்.

இனி, அந்த நாள்.

உங்களில் பலர் அந்த இடத்துக்கு வந்தீர்கள். மரம் டிரைவர் பக்கத்தை நடுவில் பிளந்திருந்தது. காற்றுப் பைகள் எல்லாம் வெடித்து, கிழிந்த தலையணை உறைபோல ரத்தத்தில் ஊறித் தொங்கின. இஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அவன் தொடைமேல் இருந்தது. இரும்பை அறுத்துத்தான் எடுத்தார்கள். லூர்துவிடம், அதாவது அவன் மனைவியிடம், முகத்தைக் காட்டவில்லை. கையை மட்டும்தான் காட்டினோம்.

"ஓவர் ஸ்பீடு. கன்ட்ரோல் போயிருச்சு" என்று அங்கே நின்ற எல்லாரும் சொன்னார்கள். நம் ஸ்டாண்டிலும் சொன்னார்கள். அடக்கம் முடிந்து வீட்டில் லூர்து என்னைக் கூப்பிட்டாள். அழவில்லை.

"அண்ணே, எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். வாழ்நாள் பூரா வண்டி வண்டின்னு பெருமையடிச்ச மனுசன். கடைசியில வண்டி அவரு கையில இருந்துச்சா, இல்லையா? ஊரே இல்லைங்குது. நீங்க பாத்துச் சொல்லுங்க."

மறுநாள் காலையில் நானும் வீரமணியும் போனோம். வளைவு முடிந்ததும் ரோட்டை அடைத்துக் கொள்ளுச் செடி பரப்பியிருந்த இடம் அது. போகிற வண்டிகள் ஏறி மிதித்தால் மணி உதிரும் என்று நம் பக்கத்தில் காலங்காலமாகப் போடுவதுதான். செடி போட்டவர்கள் பயந்துபோய் எல்லாவற்றையும் கூட்டி அள்ளியிருந்தார்கள். தார் ஓரத்தில் கொஞ்சம் மணி மட்டும் கிடந்தது. கால் வைத்தேன், வழுக்கியது. அந்த மணிமேல் போய்ப் பிரேக் பிடித்தால் எந்தச் சக்கரத்தைப் பிடித்து என்ன பயன்?

வயலில் நின்ற அம்மா ஒருத்தி எங்களைப் பார்த்ததும் வந்தாள்.

"நாங்க நாலு பொம்பளைக ரோட்டுலதான் குனிஞ்சு செடியப் பெரட்டிக்கிட்டு இருந்தோம் சாமி. வளைவுல கார் வந்த வேகத்துக்கு நாங்க முடிஞ்சோம்னு நெனச்சேன். எம் மூஞ்சிய நேரா பாத்தாரு. பாத்துட்டு அங்கிட்டு ஒடிச்சாரு. சுத்தலை, பெரளலை. யாரோ பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போன மாதிரி மரத்துக்குப் போச்சு."

வீரமணி ரோட்டில் மண்டி போட்டு டயர் தடத்தைத் தடவிக்கொண்டே போனான். தடம் கொள்ளுக்கு முன்பே தொடங்கியது. விட்டுவிட்டு, திட்டுத்திட்டாக, ஒரே சீரான வளைவாக இடது பக்கம் இறங்கியது. பாம்பு லைட் மின்னியபோது கண்மாய்ப் புழுதியில் விழுந்ததும் இதே தடம்தான். வண்டி தறிகெட்டிருந்தால் தடம் குறுக்கே இழுத்திருக்கும். அந்தப் பெண்களையும் வாரிக்கொண்டு போயிருக்கும். பாம்பு லைட் தன் வேலையைச் செய்திருக்கிறது. ஸ்டீயரிங் காட்டிய பக்கம் வண்டியைக் கொண்டுபோயிருக்கிறது. காட்டியது சவரி. அவன் காட்டிய பக்கத்தில் மரம் இருந்தது.

ஆனால் தடத்தின் நீளம் இன்னொன்றையும் சொன்னது. அந்த வளைவில் யாரும் வரக்கூடாத வேகம் அது. அதை மறைத்து எழுதினால் அவனே எழுந்து வந்து என் முகத்தைப் பானெட்டில் இடிப்பான்.

லூர்துவிடம் போய்ச் சொன்னேன். "வண்டி மச்சான் கையிலதான் இருந்துச்சு தங்கச்சி. கடைசி வரைக்கும். நாலு பொம்பளைக உசுரோட இருக்காங்க. ஆனா வந்த வேகம் ஜாஸ்திதான்."

தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். எழுந்து போய், மாலை போட்டிருந்த அவன் படத்தின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். கண்ணாடி உடைந்தது. உள்ளங்கை கிழிந்து ரத்தம் சொட்டியது.

"கை அவ்வளவு சரியா வேலை செஞ்சிருக்கு. கால் எங்கய்யா போச்சு? அந்தக் கால எடுக்குறதுக்கு என்னய்யா கேடு ஒனக்கு?"

புது ரோடு, வெயில் நேரம், ஆளில்லாத சீட்டு. நமக்கெல்லாம் வருவது அவனுக்கும் ஒரு நாள் வந்திருக்கிறது. பக்கத்து சீட்டில் உதைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

சவரியிடமிருந்து எனக்கென்று மிச்சம் இருப்பது முழங்காலுக்குக் கீழே அந்த வடு. சவாரி இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது, ரோடு நீளமாக விரிந்து கிடக்கும்போது, அது குறுகுறுக்கிறது. காலை எடுத்துவிடுகிறேன். "ஏறு மச்சான், மெதுவாத்தான் போறேன்" என்கிறேன். வண்டி காலியாக இருக்கிறது என்று இப்போதெல்லாம் நான் யாரிடமும் சொல்வதில்லை.