கம்பளத்தில் கொட்டிய பெட்ரோல்

மாவட்டப் பேரிடர் அலுவலகத்தின் பதிவேட்டில் இப்படி இருக்கிறது: ‘புருல்சா, வயது ஐம்பத்திரண்டு. தெருவின் தீத்தடுப்புப் பொறுப்பாளர். அபாயத்தில் பதறாதவர், நெஞ்சுரம் மிக்கவர்.’

பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்த தெருக் கூட்டத்தில் கையெழுத்து அழகாக இருந்தவள் அவள் ஒருத்திதான், அதனால்தான் அவளைப் போட்டார்கள் என்பது பதிவேட்டில் இல்லை. தீக்குச்சி உரசவே அவளுக்குப் பயம். வீட்டில் அடுப்பு மூட்டுவது மருமகள் ஜிபார்.

கணவன் தொக்தோசுனுக்கோ பயம் என்றால் என்னவென்றே தெரியாது. ஜெனரேட்டருக்கான பெட்ரோலை இருபது லிட்டர் பிளாஸ்டிக் கேனில், முன்னறையில் ஊறுகாய் ஜாடிகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். கொட்டகையில் வைத்தால் திருடிவிடுவார்களாம்.

ஜனவரி மாத நண்பகல். மலை நகரமான நாரினில் குளிர் பூஜ்யத்துக்கு முப்பது டிகிரி கீழே, மின்சாரமும் போய்விட்டது. தொக்தோசுன் கேனை அடுப்பு எரியும் அறைக்கே தூக்கிவந்து கம்பளத்தில் வைத்தான். மூலையில் ஜிபார் உட்கார்ந்திருக்க, அவள் பிள்ளை தொட்டிலில் தூங்கியது. பிறந்து இருபத்தொன்பது நாள்.

“என்னங்க, அடுப்பு எரியுதுங்க! வெளியில வச்சு ஊத்துங்க.”

“வெளியில விரல் விறைச்சுப் போகுது. முப்பது வருஷமா ஊத்துறேன், எனக்கே பாடமா? நீதான் பொறுப்பாளராச்சே, போய் அடுப்ப மிரட்டு!”

பெட்ரோலில் தூசி இருக்குமென்று, ஜெனரேட்டருக்கு ஊற்றும் சிறு டப்பாவின் வாயில் புனல் வைத்து, வடிகட்டத் தன் கம்பளித் தொப்பியையே அதில் செருகிக் கேனைச் சாய்த்தான். கேன் வழுக்கியது. பாதி பெட்ரோலைக் கம்பளம் தாகத்தோடு குடித்தது. வாடை மூக்கில் ஏறியது. அடுப்புக் கதவின் இடுக்கில் தணல் சிவந்து தெரிந்தது.

புருல்சாவுக்கு அழுகை வந்துவிட்டது. இருந்தும் பிள்ளையைத் தொட்டிலோடு கட்டியிருந்த பட்டைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“ஜிபார், எழுந்திரு. வெளியே!”

“அத்தை, நாப்பது நாள் ஆகலையே! புள்ளைய வாசல் தாண்ட விடக் கூடாதே!”

தொக்தோசுன் துணியால் கம்பளத்தை ஒற்றியபடி கத்தினான்: “கிறுக்கு புடிச்சிருச்சா? ஊரே காறித் துப்பும்!”

“துப்பட்டும்ங்க. தீயணைக்க உதவும். நீங்களும் வாங்க!”

அவன் வரவில்லை. பிள்ளையைத் தூக்கி, மருமகளைத் தள்ளிக்கொண்டு அவள் முற்றத்தின் பாதியைக் கடப்பதற்குள், உள்ளே யாரோ பெருமூச்சு விட்டதுபோல் ‘பொஃப்’ என்றது. சன்னல் மஞ்சளானது. தொக்தோசுன் புருவம் கருகி, கையில் கொப்புளத்தோடு பனியில் வந்து விழுந்தான். அந்த அறையில் சுவர் மட்டும் மிஞ்சியது.

பிள்ளைக்குத் தும்மல்கூட வரவில்லை. தெருவில் இன்றும் சிலர், வழக்கத்தை மீறியவள் என்று அவளைக் குறை சொல்கிறார்கள்.

புருல்சா செய்தது இதுதான்: அழுதுகொண்டே, நாற்பது நாள் ஆகாத பேரனை ஆட்டுத்தோலில் சுற்றி, வாசல் தாண்டி, மாட்டுத்தொழுவத்தில் இரண்டு பசுக்களின் கதகதப்புக்கு நடுவே கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.