‘ஊரிலை எவடம்?’

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதத்து மதியம் நடந்தது இது. கோப்பன்ஹேகனுக்கு மேற்கே, டோஸ்ட்ருப்பில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் நான் பராமரிப்பு வேலை செய்கிறேன். அங்கே என்னோடு வேலை செய்யும் ஒருத்தி டொமினிக்கன் குடியரசில் பிறந்தவள். டேனிஷ்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். அவளுடைய தாயும் தகப்பனும் பக்கத்து நாடான ஹெயிட்டியிலிருந்து கரும்பு வெட்டப் போனவர்கள். இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளிடமிருந்து கறந்துவிட்டேன். யாழ்ப்பாணத்து ஆட்களுக்குப் புதிதாக ஒருவரைக் கண்டால் ‘ஊரிலை எவடம்?’, அதாவது ஊரில் எந்த இடம் என்று கேட்காவிட்டால் சாப்பாடு செமிக்காது. டேனிஷ் மொழியிலும் நான் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

அன்றைக்குச் சாப்பாட்டு இடைவேளையில் அவளுக்கு ஒரு அழைப்பு வந்தது. பேசி முடித்ததும் அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். டொமினிக்கனில் இருக்கும் அவளுடைய தம்பி வேலைக்குப் போகும் வழியில் குடிவரவுப் பொலிஸிடம் பிடிபட்டுவிட்டானாம். அவனுடைய கறுப்புத் தோலைப் பார்த்து ஹெயிட்டிக்காரன் என்று மறித்து, கம்பி அடைத்த லொறியில் ஏற்றி, எல்லைக்கு அப்பால் ஹெயிட்டிப் பக்கம் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். உடுத்த உடுப்போடு தெருவில் நிற்கிறான்.

நான் அவளின் முதுகைத் தடவி ஆறுதல் சொன்னேன். யோசிக்காதே, தாய் தகப்பனின் ஊர்தானே, சொந்தக்காரர் யாராவது வந்து கூட்டிப் போவார்கள், சொந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று நினைத்துக்கொள் என்றேன். எங்கள் ஆட்களுக்கு ஊர் என்றால் பெற்றவர்களின் ஊர்தான். இங்கே பக்கத்து ஊரான இஷொயில் பிறந்த என் மகளிடம் கேட்டாலும், “அம்மா வேலணை, அப்பா கிளிநொச்சி” என்றுதான் சொல்வாள். அப்படித்தான் அவளைப் பழக்கியிருந்தேன்.

அவள் என் கையைத் தட்டிவிட்டாள். தம்பி ஹெயிட்டியைக் கண்ணாலும் கண்டதில்லை, அந்தப் பாஷையும் அவனுக்குச் சரியாக வராது என்றாள். ஹெயிட்டித் தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்கள் டொமினிக்கனில் பிறந்திருந்தாலும் அந்த நாட்டுக் குடிமக்கள் இல்லை என்று நீதிமன்றமே சொல்லிவிட்டதாம். அவளுடைய பாஸ்போர்ட்டையும் தூதரகத்தில் புதுப்பித்துக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். தம்பியைத் தேடிப் போகவும் வழியில்லை. பிறகு என்னை நேரே பார்த்துக் கேட்டாள்:

“உன் மகள் இங்கே பிறந்தவள்தானே? நாளைக்கு அவளைப் பிடித்து இலங்கையில் இறக்கிவிட்டால், சொந்த ஊருக்குப் போய்விட்டாள் என்று நீ சந்தோஷப்படுவாயா?”

நான் எழும்பிப் போய் அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் வேறொரு பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது. மகள் இங்கே பக்கத்தில் புரொண்பியில் இருக்கும் ஒரு பையனை விரும்பினாள். நல்ல பிள்ளை, நல்ல வேலை. பையனின் தாயோடு போனில் கதைத்தபோது என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். வவுனியா என்றார். நான் விடுவேனா? தோண்டத் தோண்ட, அவர்கள் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய ஆட்கள் என்று வெளியில் வந்தது. இந்தியாவிலிருந்து தோட்டக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பரம்பரை என்று எங்கள் ஆட்கள் அவர்களோடு சம்பந்தம் வைப்பதில்லை. இது சரிவராது, சனிக்கிழமை அவர்களுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிடுங்கள் என்று கணவரிடம் சொல்லிவைத்தேன். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மகள் என்னோடு கதைப்பதையே நிறுத்தியிருந்தாள். தகப்பனோடு மட்டும் டேனிஷில் ஏதோ குசுகுசுப்பாள்.

அன்று பின்னேரம் சாப்பாட்டு மேசையில், வேலையிடத்தில் நடந்ததையெல்லாம் சொன்னேன். பிறந்த நாட்டிலேயே ஒருவனைப் பார்த்து நீ இந்த நாட்டான் இல்லை என்று சொல்வார்களா, இப்படியும் ஒரு அநியாயம் உலகத்தில் நடக்குமா என்று பொரிந்து தள்ளினேன்.

கணவர் புட்டுக் கோப்பையை ஒதுக்கி வைத்தார்.

“ஏன், எங்கடை நாட்டிலை செய்யேல்லையே? என்ரை பெரியப்பா பிறந்தது ஹட்டனிலை ஒரு தேயிலைத் தோட்டத்திலை. அவரைக் கப்பலிலை ஏத்தி, அவர் காணாத இந்தியாவுக்கு அனுப்பினவங்கள். நானும் அந்தத் தோட்டத்திலைதான் பிறந்தனான்.”

இந்த மனிதரோடு எத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்! பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். சுதந்திரம் கிடைத்த கையோடு தோட்டத்துச் சனத்தின் குடியுரிமையைப் பறித்ததையும், பிறகு தமிழருக்கு எதிரான கலவரத்தில் அவருடைய அப்பா பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சிக்கு ஓடியதையும் சொன்னார். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் அவருடைய தோட்டத்துப் பேச்சை நக்கல் அடித்ததால் கதைக்கும் விதத்தையே மாற்றிக்கொண்டாராம். நாங்கள் சந்தித்தது டென்மார்க் அகதி முகாமில். நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கிளிநொச்சி என்றார். அது பொய்யும் இல்லை.

ஏன் எனக்கு மறைத்தீர்கள் என்று அழுதுகொண்டே கேட்டேன்.

“நீர் கேட்ட உடனை விளங்கீட்டுது, மலையகம் எண்டு சொன்னா அதோடை எழும்பிப் போயிடுவீர் எண்டு.”

போயிருப்பேன். அதுதான் உண்மை, அதுதான் என்னை இன்னும் மோசமாக உலுக்கியது.

ஒரு வாரமாக என்னோடு கதைக்காத மகள், எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அப்போதுதான் வாய் திறந்தாள். அதுவும் தமிழில்.

“அப்ப அம்மா, என்னையும் வேண்டாம் எண்டுவீங்களோ?”

சனிக்கிழமை போன் எடுத்தது நான்தான். வீட்டுக்கு வாருங்கோ என்று கூப்பிட்டேன். பையனின் தாய் தகப்பன் வந்தபோது, கணவர் தானாகவே தான் பிறந்த தோட்டத்தின் பெயரைச் சொன்னார். பையனின் தகப்பன் அதற்கு அடுத்த தோட்டமாம். அதன்பிறகு மூன்று பேரும் கதைத்த தமிழை நான் அதற்கு முன் என் வீட்டில் கேட்டதேயில்லை. “வாங்க, போங்க, என்னாங்க” என்று என் கணவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். நான் தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் அப்படியே நின்றுவிட்டேன்.

என்னோடு வேலை செய்யும் அந்தச் சிநேகிதியின் தம்பி இன்னும் வீடு திரும்பவில்லை. எல்லையோர ஊர் ஒன்றில் கிடைத்த வேலை செய்கிறானாம். அவனுடைய நாட்டை அவனிடமிருந்து பறித்தது ஒரு அரசாங்கம். என் கணவரின் ஊரை என் வீட்டுக்குள்ளேயே அவர் வாயில் வராமல் வைத்திருந்தது நான் கேட்ட ஒரே ஒரு கேள்வி.