காப்பாரில் திறக்காத பக்கம்

போன வருடம் தீபாவளி முடிந்து, வீட்டு டப்பாக்களில் முறுக்குத் தூள் மட்டும் மிச்சமிருந்த சமயம். மலேசியாவில், கிள்ளானுக்குப் பக்கத்தில் இருக்கும் காப்பாரில் எங்கள் வீட்டு வாசலில், கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நானும் என் மலாய்த் தோழியும் உட்கார்ந்திருந்தோம். இருவர் கையிலும் கைப்பேசி. இரண்டிலும் ஒரே வெள்ளைத் திரை, நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வட்டம்.

நாங்கள் இருவரும் மின்னணுச் சாமான் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஒரே வரிசையில் வேலை பார்த்தவர்கள். பல வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். அந்தத் தொழிற்சாலை கதவை இழுத்து மூடிவிட்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. நாற்பதைத் தாண்டிய பெண் வேலை தேடுவது என்ன பாடு என்று தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வயதைக் கேட்டவுடன் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு மரியாதையான சிரிப்பு வரும் பாருங்கள், அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது.

அப்போதுதான் கிள்ளானில் ஒரு மருந்துக் கிடங்குக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். பொருளைச் சரிபார்த்து அடுக்கும் வேலை. எங்களுக்குக் கைவந்த வேலை. வயது ஒரு தடையில்லை என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். முதல் நாள் மோட்டார் சைக்கிளில் நேரிலேயே போனோம். வாசலில் காவலுக்கு இருந்தவர் எங்களை உள்ளே விடவில்லை. இணையத்தில்தான் மனுப் போட வேண்டும் என்று சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். அதில் ஆள் சேர்த்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் இணைய முகவரியும், ஓரத்தில் சின்னதாக ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தன. கடைசி நாள் மறுநாள், மாலை ஐந்து மணி.

மறுநாள் காலையிலிருந்து முயன்றோம். முதலில் வீட்டுக்குள், பிறகு வாசலில், பிறகு முச்சந்தி வரை போய். சிக்னல் கோடுகள் என்னவோ ஒழுங்காகத்தான் இருந்தன. பக்கம் மட்டும் திறக்கவில்லை. லோரி ஓட்டும் என் கணவர் ஜொகூர் போகிற வழியிலிருந்து பேசியபோது, ஃபோனை மாற்று என்றார். மாற்றுவதற்குத்தானே வேலை தேடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆனால் சிரித்துப் பேசினாலும் உள்ளே அரித்தது. ஃபோன் பழசு, நானும் பழசு, நமக்குத்தான் இதெல்லாம் தெரியவில்லை போலிருக்கிறது என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. வேலை போன நாளில்கூட நான் அழவில்லை. அந்த வட்டம் சுற்றுவதைப் பார்த்துக் கொண்டிருந்தபோது கண் கலங்கியது.

எனக்கு அழுகை வந்தால் பின்னாலேயே கோபமும் வரும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பலகையில் பார்த்த அந்த எண்ணுக்கு அடித்தேன். ஓர் இளைஞர் எடுத்தார். பேச்சைக் கேட்டதுமே தெரிந்தது, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர். அலுவலகம் கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸில். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்ததால் அவர் ஃபோனை எடுத்திருக்கிறார். அந்த இணையப் பக்கத்தைச் செய்தவரே அவர்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பக்கம் திறக்கவில்லை என்றேன். இங்கே நன்றாகத்தான் வருகிறது என்றார்.

"உங்களுக்கு வரும் தம்பி. வேலை இருக்கிறவங்களுக்கு எல்லாமே வரும் லா," என்றேன்.

ஃபோனை வைத்துவிடுவார் என்றே நினைத்தேன். வைக்கவில்லை. எந்த ஊரிலிருந்து பேசுகிறேன், என்ன ஃபோன், வாங்கி எத்தனை வருடம் என்று நிதானமாகக் கேட்டார். பிறகு அவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது.

"அக்கா, உங்க ஃபோன் மேல தப்பு இல்ல. உங்க மேலயும் தப்பு இல்ல. எங்க பக்கம்தான் கனமா இருக்குன்னு நினைக்கிறேன்."

தொழிற்சாலை மூடிய நாளிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை யாரும் எனக்குச் சொன்னதில்லை. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

மணி ஓடிக்கொண்டிருந்தது. என் விவரங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தானே ஏற்றிவிடுவதாகச் சொன்னார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் முகம் மலர்ந்ததைப் பார்த்து, தமிழ் தெரியாத என் தோழி பக்கம் திறந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். தன் கைப்பேசித் திரையைத் தலையை மூடியிருந்த துடுங் துணியின் நுனியால் துடைத்துத் தயாராக உட்கார்ந்தாள்.

எங்கள் வரிசையில் வேலை பார்த்த பெண்கள் எல்லாருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. காலையிலிருந்து அதிலும் வெள்ளைத் திரைப் படங்கள்தான் வந்துகொண்டிருந்தன. அதை அவரிடம் சொன்னேன். எத்தனை பேர் என்று கேட்டார். எங்கள் வரிசையில் வேலை பார்த்த எல்லாரும் என்றேன். அத்தனை பேருக்கும் தானே ஏற்ற முடியாது, பக்கத்தையே சரி பண்ண வேண்டும், அது ஐந்து மணிக்குள் முடியுமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார். உங்களுடையதை மட்டும் முதலில் போட்டுவிடட்டுமா என்று மறுபடியும் கேட்டார்.

"அது இருக்கட்டும் தம்பி. நீங்க பக்கத்தைப் பாருங்க," என்று சொல்லிவிட்டேன். பெரிய தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். சொன்ன மறுநிமிடமே, ஐயோ கெடுத்துக்கொண்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் எதிரில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், வேறு என்ன சொல்ல?

அதன் பிறகு நடந்தது ஒரு வேடிக்கை. அலுவலகத்தில் அவர்கள் வேகத்தை எப்போதும் அளந்து பார்ப்பார்களாம். ஆனால் அளப்பது புதுக் கணினியில், கட்டடத்தின் வேகமான இணைப்பில். அதுவும் நூறு முறை திறந்த பக்கத்தின் படங்கள் கணினிக்குள்ளேயே தங்கிவிடுமாம், மறுபடி வெளியிலிருந்து வர வேண்டியதே இல்லையாம். அதனால் மதிப்பெண் எப்போதும் பிரமாதமாகத்தான் வரும். சொந்தச் சமையலைத் தானே ருசி பார்த்து மார்க் போட்டுக்கொண்ட மாதிரிதான். காப்பாரில் முதல் முறையாகத் திறக்கிற ஆளுக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தனக்கு அங்கே வழியில்லை, நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்.

மூன்றே விஷயம் கவனிக்கச் சொன்னார். படிக்கிற மாதிரி முதல் எழுத்து எப்போது வருகிறது. பொத்தானைத் தொட்டால் எப்போது வேலை செய்கிறது. தொடப் போகும்போது பக்கம் குதிக்கிறதா. எனக்குப் பழைய வேலையே திரும்பி வந்தது போல இருந்தது. வீட்டில் கிடந்த கணவரின் பழைய கைப்பேசியில் அவரோடு பேசிக்கொண்டு, என் கைப்பேசியில் பக்கத்தைத் திறந்து, தொழிற்சாலை வரிசையில் சாமான் எண்ணுவது போல உரக்க எண்ணினேன்.

நாற்பதைத் தாண்டியும் எண்ணிவிட்டேன். அன்றைக்கு முதல் முறையாக மேலே ஒரு நீலப் பட்டை வந்தது. பிறகு கோட்டுப் போட்ட ஆட்கள் சிரித்துக்கொண்டே கை குலுக்குகிற வீடியோ ஒன்று விக்கி விக்கி ஓடியது. அதற்கும் கீழே எங்கேயோ மனுப் போடும் பொத்தான். அதைத் தொடப் போனேன், பக்கம் ஒரு குதி குதித்தது, என் விரல் வேறு எதையோ தொட்டு, மறுபடியும் வெள்ளைத் திரை. நடந்ததை எல்லாம் நேர்முக வர்ணனை மாதிரி சொல்லச் சொல்ல, அவர் ம், ம் என்று தட்டெழுதிக்கொண்டே கேட்டார்.

அந்த வீடியோ முதலாளி ஆசைப்பட்டு வைத்ததாம். எடுக்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பார், எடுத்துவிட்டுச் சொல்லிக்கொள்கிறேன் என்று எடுத்துவிட்டார். மறுபடி எண்ணினேன். பாதியாகக் குறைந்திருந்தது. இன்னும் என்னவோ உட்கார்ந்திருக்கிறது என்று தேடினார். மூலையில் தானாக எழும்பிப் பேசும் அரட்டைப் பெட்டியை எடுத்தார். பெரிய படங்களைத் தூக்கினார். அலங்கார எழுத்தை மாற்றிச் சாதாரண எழுத்தை வைத்தார். பொத்தானைக் குதிக்காத இடத்தில் கட்டிப் போட்டார். ஒவ்வொரு முறையும் நான் எண்ண வேண்டும், அவர் கேட்க வேண்டும். சாப்பிடப் போனவர்கள் திரும்பி வந்து அவரிடம் என்னவோ கேட்டது எனக்கே கேட்டது. ஒரு நிமிஷம் என்று அவர்களைத்தான் காக்க வைத்தார், என்னை அல்ல.

மணி நாலைத் தாண்டியபோது, இப்போது பாருங்கள் அக்கா என்றார். இந்த முறை என் தோழியும் தன் கைப்பேசியில் திறந்தாள். நான் தமிழில் எண்ண, அவள் மலாயில் சாத்து, டுவா, தீகா என்று எண்ணினாள். நாலு சொல்வதற்குள் இருவர் திரையிலும் எழுத்துகள் வந்துவிட்டன. அலங்காரமே இல்லை. வேலையின் பெயர், இடம், நிரப்பக் கொஞ்சம் கட்டங்கள், கீழே ஒரு பொத்தான். அவள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

குழுவில் செய்தி போட்டுவிட்டு, எங்கள் மனுக்களை அனுப்பினோம். வந்து சேர்ந்துவிட்டது அக்கா, ரெண்டு பேரோடதும் என்று அவர் உறுதி சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நன்றி சொல்ல ஆரம்பித்தேன். அவர்தான் சங்கடப்பட்டு, சாப்பிட்டீங்களா அக்கா என்று பேச்சை மாற்றினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மத்தியானத்திலிருந்து அவர்தான் சாப்பிடவில்லை.

அந்த வேலை என் தோழிக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், இரண்டு நாள் அவள் அழைப்பை நான் எடுக்கவே இல்லை. மூன்றாம் நாள் அவளே மோட்டார் சைக்கிளில் வந்து, கேட்டைத் தட்டி, தானே பொரித்த ஒரு டப்பா கறிபாப் பலகாரத்தை நீட்டினாள். அதற்கு மேல் எப்படிக் கோபித்துக்கொள்வது? கொஞ்ச நாளில் அதே இணையப் பக்கத்தில் வேறொரு கிடங்கின் விளம்பரம் வந்தது. தேத்தண்ணீர் ஆறுவதற்குள் மனுப் போட்டுவிட்டேன். இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறேன், பொருள் வந்து இறங்கும் பகுதியில்.

முதல் மாதம் முடிந்ததும் நாங்கள் இருவரும் கொமுட்டர் ரயில் பிடித்து பிரிக்ஃபீல்ட்ஸ் போனோம், கையில் சூடான கறிபாப்போடு. ஒரு கடைக்கு மேல்மாடியில் சின்ன அலுவலகம். குரலை வைத்து உயரமான ஆள் என்று கற்பனை செய்திருந்தேன். ஒல்லியாக, கண்ணாடி போட்ட பிள்ளை. வீடியோவை எடுத்ததற்கு முதலாளி நன்றாகத் திட்டினார் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். வேலை அனுமதிச் சீட்டில் வந்திருக்கிற பிள்ளை, முகம் தெரியாத எங்களுக்காக அதைப் பணயம் வைத்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே கறிபாப்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

பிறகு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். காப்பார் வட்டாரத்திலிருந்து பக்கத்தைத் திறக்கிறவர்கள் எல்லாரும் மனுப் போடாமலே போய்விடுகிறார்கள் என்று அவர்கள் கணக்கில் முன்பே தெரிந்திருக்கிறது. அதற்கு அவர்கள் அறிக்கையில் எழுதி வைத்திருந்த காரணம், இந்தப் பகுதி மக்களுக்கு வேலையில் ஆர்வம் இல்லை என்பது.

"நீங்க யாரும் போகல அக்கா. உக்காந்து காத்துட்டு இருந்திருக்கீங்க. எங்களுக்குத்தான் தெரியல," என்றார்.

அவர் மேசையில் கணினிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கைப்பேசி இருந்தது. என்னுடையது போலவே, அதே ரகம். எங்கேயோ தேடி வாங்கியிருக்கிறார். அதன் முதுகில் ஒரு தாளை ஒட்டி, 'காப்பார்' என்று எழுதியிருந்தார். இனி எந்தப் பக்கமானாலும் மெதுவான இணைப்பில், முதலில் இதில் திறக்க வேண்டும். இதில் திறந்தால்தான் வெளியே போகும் என்றார். என் தோழி அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, அது என்ன எழுத்து என்று என்னைக் கேட்டாள். நம் ஊர் என்றேன்.

இப்போது எங்கள் கிடங்கில் புதிதாகச் சேர வேண்டிய யாராவது சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்றால், ஆர்வமில்லை போல என்று சிலர் சொல்வார்கள். நான் மட்டும் ஃபோனை எடுத்து, எங்கே நிற்கிறீர்கள், வழி தெரிகிறதா என்று கேட்பேன், ஏனென்றால் ஒரு வெள்ளைத் திரைக்கு முன்னால் நான் காத்திருந்த நாளில் ஒருவர் ஃபோனை வைக்காமல் என்னை அப்படித்தான் கேட்டார்.