பூனைமீசைத் தண்ணீர்

போன வாரம் ஒரு சாயங்காலம். ஃபெரியிலிருந்து என் அண்ணன் இறங்கி வந்த லட்சணத்தைப் பார்த்து முதலில் சிரித்தவன் நான்தான்.

காலை அகட்டி அகட்டி வைக்கிறார். கம்பியைப் பிடிக்கிறார், விடுகிறார். பின்னால் வந்தவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள். அக்கரையில் பட்டர்வொர்த்தில் குமாஸ்தா வேலை, ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பூசை, ஒரு சொட்டு தொடாத மனுஷன். கிண்டலடிக்க இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா?

"என்னண்ணே, ஆபீஸ்லயே கள்ளு ஊத்துறாங்களா? எனக்கும் அங்க ஒரு வேல பாத்துக் குடுங்க லா."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அண்ணன் ஏதோ பதில் சொன்னார். நாக்கு புரளவில்லை. நான் அதையும் அப்படியே பேசிக் காட்டினேன்...

வீட்டுக்கு வந்து டம்ளரைத் தூக்கினார். பாதித் தண்ணீர் சட்டையில். பிறகு வாந்தி. அப்போதுதான் என் சிரிப்பு நின்றது.

அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் அவருக்கு மனசு சரியில்லாமல் போனது. ஒரு வாரம் தூக்கமில்லை, ஓயாத பேச்சு. ரோட்டில் போகிறவனுக்கெல்லாம் வீட்டுச் சாமானைத் தூக்கிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். லித்தியம் என்று ஒரு மாத்திரை கொடுத்தார்கள். பழைய அண்ணன் திரும்பி வந்தார். வேளைக்கு மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. எல்லாம் ஒழுங்கு.

ஒரு நாள் பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா மாத்திரையைப் பார்த்துவிட்டார். "இது எதுக்கு தம்பி?"

அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் சட்டென்று ஒரு ஜோக்கை எடுத்துவிட்டேன். "பிரஷர்தான் அக்கா. எங்க அண்ணி வாயக் கேட்டா யாருக்குத்தான் ஏறாது?"

எல்லோரும் சிரித்தோம். அன்றிலிருந்து என் அண்ணன் பிரஷர்காரர். வீட்டுக்குள்ளும் அதுவே பேச்சாகிவிட்டது. "பிரஷர் மாத்திர போட்டீங்களா?" என்றுதான் அண்ணியும் கேட்பார்.

பிரஷர் என்றால் அக்கம்பக்கம் சும்மா இருக்குமா? போன மாதம் அக்கா வந்து அண்ணியிடம் சொன்னார்: "உப்ப நிறுத்தும்மா. மிசாய் கூச்சிங் எலய அவிச்சு மூணு வேளயும் குடு. எங்க வீட்டுக்காரருக்கு அதுலதான் எறங்குச்சு."

மிசாய் கூச்சிங் என்றால் பூனைமீசை. நம் ஊரில் பாதி வீட்டு வேலியோரம் இருக்கும்.

"இவருக்கு நெசமா பிரஷர் இல்லியே, குடுக்கலாமா?" என்று அண்ணி என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"எல தானே அண்ணி, என்ன செஞ்சிரப் போவுது? மாத்திரச் சூடு தணியட்டும்."

பாசார் சந்தையில் இலை விற்கும் மலாய்க்கார அம்மா, மாச்சிக், எடுத்த எடுப்பில் கொடுத்துவிடவில்லை. யாருக்கு என்று கேட்டார். ஆஸ்பத்திரி மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டார். அண்ணன் தினமும் சாப்பிடுவது அண்ணியின் திட்டு மட்டும்தான் என்றேன். மாச்சிக் சிரித்துக்கொண்டே ஒரு கட்டு கூடப் போட்டார்.

மூன்று வாரம் குடித்தார், உப்பில்லாமல் சாப்பிட்டார். பாத்ரூமுக்கு நடந்துகொண்டே இருந்தார். அதற்கும் கிண்டல் செய்தேன். கை நடுங்கியது. அதற்கும்.

வாந்தி எடுத்த அன்று ராத்திரியே ஆஸ்பத்திரி. டாக்டரம்மா கேட்டார்: "வேற என்ன மருந்து எடுக்குறார்?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்." அண்ணியும் நானும் ஒரே குரலில். பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. இலை என்ன மருந்தா?

அவர் விடவில்லை. "எல, வேரு, கஷாயம்? சாப்பாட்டுல எதையாவது மாத்துனீங்களா?"

"பிரஷருக்கு எலத் தண்ணி குடுத்தோம். உப்ப நிறுத்திட்டோம்" என்றார் அண்ணி.

டாக்டரம்மா அட்டையைப் புரட்டினார். "இவருக்குப் பிரஷரே இல்லியே. யார் சொன்னது?"

அண்ணி என்னைப் பார்த்தார்.

லித்தியமும் ஒரு வகை உப்புதானாம். சாப்பாட்டில் உப்பு குறைந்தால், உடம்பு இதைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். நீரை இழுத்து வெளியேற்றுகிற இலையும் சேர்ந்தால்... மாத்திரையே விஷமாக ஏறிவிடும். வேறொருவருக்கு நல்லது செய்த இலை. அண்ணனுக்கு நல்லது செய்த மாத்திரை. இரண்டையும் ஒரே வயிற்றில் சேர்த்துவிட்டது நான் சொன்ன ஒரு ஜோக்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மாத்திரை இருக்கலாம். இலைக்காரரிடம் மாத்திரையைச் சொல்லுங்கள். டாக்டரிடம் இலையைச் சொல்லுங்கள். பயந்துபோய் நீங்களாக மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள், அது இன்னொரு ஆபத்து. எங்களிடம் கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் கேட்டார்கள். நாங்கள்தான் சொல்லவில்லை.

அண்ணன் பிழைத்துவிட்டார். கால் தேறிவிடும் என்கிறார்கள். கை நடுக்கமும் பேச்சும் பழையபடி வருமா என்றால் டாக்டரம்மா தலையை ஆட்டவில்லை, பார்ப்போம் என்கிறார். பேனா பிடித்துச் சம்பாதிக்கிற கை அது.

நேற்று பிலோமினா அக்கா ஆரஞ்சுப் பழத்தோடு வார்டுக்கு வந்தார். "பிரஷர் எறங்கிருச்சா தம்பி?"

அண்ணி என் சட்டையைப் பிடித்து இழுத்தார், சொல்லாதே என்று. அண்ணன் கட்டிலிலிருந்து என்னையே பார்த்தார். பிறகு சொல் என்று மெல்லத் தலையசைத்தார்.

சொல்லிவிட்டேன். பிரஷர் இல்லை, மனசுக்கு மருந்து, மூன்று வருஷமாக.

அக்கா நீட்டிய பழப் பையை மடியில் இறக்கி வைத்தார்.

"மொதல்லயே சொல்லியிருந்தா, நா ஏன் தம்பி உப்ப நிறுத்தச் சொல்லப் போறேன்?"