சங்கத்துச் சக்கர நாற்காலி

இலங்கை மலைநாட்டில், அட்டன் டவுனில் ஊனமுற்றவர்களுக்கு உதவி செய்யும் சங்கம் ஒன்று இருந்தது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரைசானிமார் சிலரும் டவுன் பெரிய மனிதர்கள் சிலரும் அதன் அங்கத்தவர்கள். மாதம் ஒருமுறை கூடுவார்கள், ஏழைகளை நினைத்து இரங்குவார்கள், கேக் சாப்பிட்டுக் கலைவார்கள். அந்த ஏழைகள் எந்தத் தேயிலைத் தோட்டத்தில், எந்த லயத்து வரிசை வீட்டில் இருக்கிறார்கள் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அதைத் தெரிந்து வரத்தான் என்னை வைத்திருந்தார்கள்.

தோட்டம் தோட்டமாக நடந்து, கால் கை முடியாதவர்களைக் கண்டுபிடித்து, பேசிப் பழகி, ஆண்டு விழாவுக்குக் கூட்டி வருவது என் வேலை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் சேர்ந்து பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பேசுகிற வேலைக்கு என்னைப் பிடித்ததற்குக் காரணம், லயத்துப் பக்கம் போக வேறு யாரும் சம்மதிக்காததுதான். அவர்கள் சப்பாத்தில் சேறு ஒட்டிவிடுமாம்.

வாசலில் போய்ச் சும்மா உட்கார்வேன். பாலில்லாத சாயத்தண்ணி கொடுப்பார்கள். நான் வாய் திறக்காததால் அவர்களே பேச ஆரம்பிப்பார்கள். இதற்கு மேல் எனக்கு எந்த வித்தையும் தெரியாது.

அந்த வருஷம் சீமையிலிருந்து ஒரு சக்கர நாற்காலி வந்திறங்கியது. சங்கமே அதைச் சுற்றி நின்று பார்த்தது. தேயிலை மலையில் சமதரை என்று இருப்பது காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களமும் துரை பங்களாவின் புல்தரையும்தான். லயத்துக்குப் போவதென்றால் படி, படி முடிந்தால் சரிவு, சரிவு முடிந்தால் தண்ணீர் ஓடும் கான். அதில் இந்த நாற்காலி எப்படி உருளும் என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. என்னை யாரும் கேட்கவில்லை.

வட்டவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கொழுந்து பறிக்கும்போது மேலேயிருந்து கல் உருண்டு விழுந்து காலில் அடிபட்ட ஒரு பெண் இருந்தாள். கால் போய்விடவில்லை, முட்டி மட்டும் மடங்காமல் விறைத்துவிட்டது. கம்பு ஊன்றி நடப்பாள். புருஷன் இல்லை, ஒரு மகள் உண்டு. நாற்காலி அவளுக்குத்தான் என்று சங்கத்துச் செயலாளர் முடிவு செய்துவிட்டார். போய்ச் சொன்னேன்.

"வேணாம்ணே," என்றாள். "அதுல ஒக்காந்தேன்னா என் பேர வெட்டிருவாங்க."

தோட்டத்து ஆள் பதிவான செக்ரோலில் பேர் இருக்கிறவரைதான் லயத்தில் காம்பரா என்கிற அந்த ஒற்றை அறை. பேர் போனால் வேலை நீக்கப் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். மலை ஏற முடியாதவளுக்கு மாத முடிவோடு சரி என்று கங்காணி ஏற்கனவே சொல்லியிருந்தார். தேயிலை அரைக்கும் தொழிற்சாலையான ஸ்டோரில், தேயிலையில் குச்சி பொறுக்கும் வேலையாவது தரச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அதைத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து செய்வதுதான் அங்கே வழக்கம். காலை மடக்க முடியாதவளுக்கு ஸ்டோரில் இடமில்லை என்று அதற்குப் பொறுப்பான டீமேக்கர் சொல்லிவிட்டார். தோட்டத்துத் துரையிடம் முறையிடப் போனவளை, மேற்பார்வை உத்தியோகத்தரான கண்டாக்கையா ஆபீஸ் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்.

இதையெல்லாம் செயலாளரிடம் சொன்னேன். புரொக்டர் என்கிற வக்கீல் ஒருவரிடம் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர்.

"அது கேக்குறது நாற்காலி இல்லீங்க ஐயா, வேல."

"நம்மகிட்ட இருக்கிறது நாற்காலிதானேப்பா. இருக்கிறதத்தான் குடுக்கலாம். அவ தோட்டத்துத் துரைதான் இந்த வருஷ விழாவுக்குத் தலைமை. அவர் கையால அவர் ஆளுக்கே குடுத்தா படம் எடுக்க எவ்வளவு அழகா இருக்கும். போய்க் கூட்டிட்டு வா."

மறுபடியும் போய், துரைதான் தலைமை என்றேன். அவள் அடுப்பில் ஒரு விறகை உள்ளே தள்ளினாள்.

"தொரை வாறாரா? அப்ப நானும் வாறேண்ணே."

விழா மண்டபத்துக்குக் கம்பு ஊன்றி நடந்துதான் வந்தாள். செயலாளருக்கு அது பிடிக்கவில்லை. நடக்கிறவளுக்கு நாற்காலி கொடுத்தால் படம் எடுபடாதாம். கம்பை வாங்கி என்னிடம் கொடுத்தார். இரண்டு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு போய் நாற்காலியில் வைத்தார்கள். மாலை போட்டார்கள். கருணையைப் பற்றி ஒருவர் நெடுநேரம் பேசினார். அவர் வீட்டு வேலைக்காரனை எனக்குத் தெரியும் என்பதால் அந்தப் பேச்சை நான் கவனிக்கவில்லை.

பெரிய துரைசானி குனிந்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார்.

"எப்படி இருக்குன்னு கேக்குறாங்க. நன்றின்னு சொல்லு," என்றார் செயலாளர்.

அவள் துரையைப் பார்த்துச் சொன்னாள். "ஸ்டோர்ல குச்சி பொறுக்க விடச் சொல்லுங்க. பேர மட்டும் வெட்ட வேணாம்."

செயலாளர் அதை இங்கிலீஷில் சொன்னார். நன்றி என்பதற்கான இங்கிலீஷ் எனக்கும் தெரியும். அவர் வாயில் அது திரும்பத் திரும்ப வந்தது. துரைசானி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சபை கை தட்டியது.

ஆனால் துரை தோட்டத்திலேயே தமிழ் படித்தவர். தொழிலாளரை அதட்டுவதற்காகப் படித்த தமிழ்தான் என்றாலும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"அவ நன்றி சொல்லல," என்றார் சிரித்துக்கொண்டே. "வேல கேக்கிறா. ஏன், கீழ ஒக்கார முடியாதா?"

"முட்டி மடங்காதுங்க தொரை. இந்த மாதிரி ஒசரத்துல ஒக்காந்தா கை ரெண்டும் நல்லா ஓடும்."

"சரி. நாளைக்கு ஸ்டோருக்குப் போ. நாற்காலி லொறில வரும்."

துரை இளகிய மனசுக்காரர் என்று நான் சொல்லவில்லை. சபை கை தட்டிக்கொண்டிருக்கும்போது மாட்டேன் என்பது அவருக்கு வசதிப்படவில்லை, அவ்வளவுதான். செயலாளர் முகம் சுண்டிப்போயிற்று. நாற்காலியைப் பிடித்து எழுந்தவளிடம் கம்பை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

சில மாதம் கழித்து, நாற்காலி ஸ்டோருக்குள் இருக்கும் சங்கதி சங்கத்தின் காதுக்கு எட்டியது. கூட்டம் போட்டார்கள். ஊனமுற்றவர் உட்காரக் கொடுத்த பொருளில் வேலைக்காரி உட்காரலாமா என்று அன்று முழுக்க விவாதித்தார்கள். திரும்ப வாங்கி வரும்படி என்னை அனுப்பினார்கள். சக்கரம் உருளாமல் இரண்டு பக்கமும் கல் வைத்து, முன்னால் தேயிலையைக் குவித்துக்கொண்டு, மற்றப் பெண்களோடு பேசியபடி அவள் குச்சி பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன்.

"நாற்காலிக்குத்தானே வந்தீங்க?" என்றாள். "மூஞ்சியிலயே எழுதியிருக்கே."

தரையில் இருந்த ஒருத்தி விடவில்லை. "குடுத்தத திரும்பக் கேக்குற சங்கமாண்ணே ஒங்க சங்கம்? அன்னைக்குப் போட்ட மாலையையும் கேட்டாங்களா?"

"அது அப்பவே எங்கிட்டதான் இருக்கு," என்றேன். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் சொன்னதற்கு ஆட்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அவள் கம்பை ஊன்றி எழுந்தாள். சுவரோரம் கிடந்த வெற்றுத் தேயிலைப் பெட்டியைக் காலால் இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தாள்.

"எடுத்துட்டுப் போங்கண்ணே. அது சும்மா உருண்டுக்கிட்டே கெடக்கும். தொரையே சொன்ன பெறகு டீமேக்கரையா இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டாரு. பேரு இருக்கு, காம்பரா இருக்கு. எனக்கு இந்தப் பெட்டி போதும்."

நாற்காலி அந்த மலையில் ஒரு அடிகூட உருளவில்லை. தலையில் வைத்துச் சுமந்துகொண்டு வட்டவளை ஸ்டேசனுக்கு இறங்கினேன். போர்ட்டர் அதை ரயிலின் கார்டு பெட்டியில் ஏற்ற ஒரு கை கொடுத்தார். பிறகு யாரையோ தேடுவது போல என் பின்னால் பார்த்தார்.

"நாற்காலி வந்திருச்சு. ஆளு எங்கப்பா?"

"ஆளு வேலைக்குப் போயிருச்சுங்க," என்றேன்.